சுபேதார் ராம்ஜியின் ஒற்றை அறை

(ராம்ஜி சக்பால் நினைவு நாளான பிப்ரவரி 2 அன்று கிளியனூர் இரவுப் பாடசாலையில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



நான் உள்ளே வந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு பாப்பா, அண்ணல் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் தலைப்பாகைப் பெரியவரைக் காட்டி, “யாருக்கா இந்தத் தாத்தா?” என்று கேட்டாள். ஏற்பாட்டாளர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு வேறு, கொஞ்சம் நீளமானது. பாப்பாவின் கேள்விக்கே பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

இந்தத் தாத்தா பெயர் ராம்ஜி மாலோஜி சக்பால். பாபாசாகேப் அம்பேத்கரின் அப்பா. ரத்தினகிரி மாவட்டம் அம்படவே கிராமத்துக் குடும்பம். அவருடைய அப்பா மாலோஜியும் பட்டாளத்துக்காரர்தான். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ‘மிலிட்டரிக்காரர் வீடு’. 1956இல், தன் கடைசி ஆண்டில், ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலுக்கு எழுதிய முன்னுரையில் அண்ணல் தன் தந்தையை ராணுவ அதிகாரி என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். கூடவே, மிகுந்த பக்திமான், கண்டிப்பாக வளர்த்தவர் என்கிறார்.

அதிகாரி என்றதும் நம் பிள்ளைகளுக்கு இன்றைய கேப்டன், மேஜர் எல்லாம் நினைவுக்கு வரும். அது இல்லை. சுபேதார் என்பது அன்றைக்கு ஓர் இந்தியச் சிப்பாய் ஏறிச் செல்லக்கூடிய ஏணியின் உச்சிக்குப் பக்கம். அதற்கு மேல் சுபேதார் மேஜர். அத்தோடு ஏணி முடிந்துவிடும். முப்பது வருஷம் உழைத்த சுபேதாரும், நேற்று கப்பலில் வந்து இறங்கிய மீசை முளைக்காத வெள்ளைக்கார அதிகாரிக்கு சல்யூட் அடிக்க வேண்டும். ஆனாலும் கிராமத்தில் ஒரு மகார் மனிதனுக்குக் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது. ஒரு பதவி, அதற்கொரு சம்பளம், அதற்கொரு மரியாதை, எல்லாம் எழுத்தில் இருந்தது. வாய்ச்சொல்லாக இல்லை.

இன்னொன்றும் கிடைத்தது. அதுதான் முக்கியம். பள்ளிக்கூடம். கம்பெனிப் படையில் சிப்பாய்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயம். ஆண் பிள்ளைக்கு மட்டுமில்லை, பெண் பிள்ளைக்கும். இந்த நாட்டில் எந்த மன்னனும் எந்த மடமும் நமக்குத் திறக்காத பள்ளிக்கூடத்தை ஒரு வியாபாரக் கம்பெனி திறந்தது. அன்பினால் இல்லை, கட்டளையைப் படிக்கத் தெரிந்த சிப்பாய் அதற்குத் தேவைப்பட்டான், அவ்வளவுதான். ராம்ஜி அந்தப் பள்ளியில் படித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, ராணுவப் பள்ளி ஒன்றில் 14 ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தார். துப்பாக்கி பிடித்த காலத்தை விட சாக்பீஸ் பிடித்த காலம்தான் அவர் வாழ்க்கையில் கனமானது என்று நான் நினைக்கிறேன். மனைவி பீமாபாய் முர்பாத்கர் குடும்பம். அதுவும் சுபேதார் மேஜர்களின் குடும்பம். அந்த வீட்டுப் பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஒரு வீட்டில்!

‘வெள்ளைக்காரன் படையில் சேர்ந்தவர்கள்தானே நீங்கள்’ என்று நம்மைக் குத்திப் பேசுகிறவர்கள் உண்டு. சமூக ஊடகத்தில் தினமும் பார்க்கிறோம். இங்கிருந்து வந்தவாசி ஒன்றும் தூரமில்லை. 1760 ஜனவரி 22இல் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அங்கே மோதினார்கள். இந்த மண்ணில் கம்பெனிகளின் படை நடந்த தடம் நிறைய. சென்னைப் படையில், குறிப்பாகப் பயனியர், சாப்பர் பிரிவுகளில் பறையர் சமூகத்து ஆட்கள் மண் வெட்டினார்கள், பாலம் கட்டினார்கள், செத்தார்கள். சொந்த ஊரில் தெருவில் நடக்க உரிமையில்லாதவனிடம் ‘நீ ஏன் தேசத்துக்காக நிற்கவில்லை’ என்று கேட்பதற்கு முன்னால், அந்தத் தேசம் எந்தத் தெருவில் இருந்தது என்று காட்ட வேண்டும். இதைப் பற்றி அண்ணலே தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். அதனால் நான் நீட்டவில்லை.

சரி. பீமராவ் 1891 ஏப்ரல் 14இல் மாவ் ராணுவ முகாமில் பிறந்தார். ராம்ஜி–பீமாபாய் தம்பதிக்குப் பதினான்காவது குழந்தை. பிழைத்தவர்கள் பலராம், ஆனந்தராவ், பீமராவ் என்ற பையன்கள் மூவர், மஞ்சுளா, துளசா என்ற பெண்கள் இருவர். மற்றவர்களை மண்ணில் வைத்தார்கள். பதினான்கு பிரசவம் பார்த்த உடம்பைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை.

அந்தக் குழந்தை நடக்கப் பழகிய நேரத்தில், 1890களின் தொடக்கத்தில், ராணுவம் மகார்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. ‘வீர இனங்கள்’ என்றொரு கொள்கை கிளம்பியது. லார்ட் ராபர்ட்ஸ் என்றொரு தளபதி. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை, பிறகு 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும். தெற்கத்தி ஆட்களுக்குப் போர்க்குணம் போய்விட்டது, வடக்கு, வடமேற்கு ஆட்கள்தான் சிப்பாய்க்கு லாயக்கு என்பது அவருடைய முடிவு. சாதியைத் தாண்டி ஆள் எடுத்த ஓர் இடத்தில், விஞ்ஞானம் என்ற பெயரில் சாதியைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பம்பாயில் மகார்களுக்குக் கதவு மூடியது. சென்னைப் படையின் பல பிரிவுகளிலும் தமிழனையும் தெலுங்கனையும் கழித்துவிட்டு வடநாட்டு ஆட்களை நிரப்பினார்கள்.

கோபால் பாபா வலங்கர் இதை எதிர்த்து மனு எழுதினார். அவரும் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர். ராம்ஜியும் சும்மா இருக்கவில்லை. நீதிபதி ரானடேயின் உதவியோடு மனு தயாரித்து அரசுக்கு அனுப்பச் செய்தார் என்று அண்ணலின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் குறிப்பிடுகிறார். மனுக்கள் பலிக்கவில்லை. முதல் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது 1917இல் 111ஆவது மகார் படையை அமைத்தார்கள். போர் முடிந்து வேலை தீர்ந்ததும் 1921இல் கலைத்தார்கள். மகார் ரெஜிமென்ட் திரும்ப வந்தது 1941இல், அண்ணல் அழுத்தம் கொடுத்த பிறகு. அப்பா எழுதிய மனுவுக்கு மகன் பதில் வாங்க ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது.

ராம்ஜியைப் பிள்ளைப் பாசம் மிகுந்த அப்பா என்று மட்டும் சொல்லி முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பாசம் எல்லா அப்பாவுக்கும் இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் எந்த அப்பாவுக்குக் குறைவு? தன்னை மனிதனாக்கிய கதவு தன் கண் முன்னாலேயே மூடப்படுவதைப் பார்த்தவர் அவர். இனி எந்த மகார் பிள்ளைக்கும் அந்தப் பள்ளிக்கூடம் கிடையாது. ஊருக்கெல்லாம் அந்தக் கதவைத் திறக்க மனு போட்டார், முடியவில்லை. தன் வீட்டுக்குள் மட்டுமாவது மூடவிடமாட்டேன் என்று நின்றார். அவர் காட்டிய பாசத்தின் உள்ளே இந்தப் பிடிவாதம் இருந்தது.

1894 வாக்கில் ஓய்வு பெற்றார். தபோலியில் கொஞ்ச நாள், பிறகு சாத்தாராவில் பொதுப்பணித் துறையில் ஸ்டோர் கீப்பர் வேலை. 1896இல் பீமாபாய் இறந்துபோனார். பீமராவுக்கு ஐந்து வயது. ராம்ஜியின் அக்கா மீராபாய், உடல் குறைபாடு உள்ளவர், அந்த வீட்டைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார்.

முகாமுக்குள் சுபேதார், வெளியே வந்தால்? சாத்தாராவில் முடிதிருத்துபவர் இவர்கள் தலையைத் தொடமாட்டார். பீமராவுக்கு முடி வெட்டியது அவருடைய அக்கா. 1900 நவம்பர் 7ஆம் தேதி பையனை அரசுப் பள்ளியில் சேர்த்தார் ராம்ஜி. மகாராஷ்டிராவில் இன்று அந்த நாளை மாணவர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். பையன் உட்கார வீட்டிலிருந்து கோணித் துணி எடுத்துப் போக வேண்டும், மாலையில் திருப்பி எடுத்து வர வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் வந்து ஊற்ற வேண்டும். பியூன் இல்லையென்றால் தண்ணீர் இல்லை.

1901இல் நடந்ததை அண்ணல் ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான் அதை அப்பாவின் பக்கமிருந்து சொல்லிப் பார்க்கிறேன். கட்டாவ் வட்டத்தில் கோரேகாவ் என்ற ஊரில் பஞ்ச நிவாரணத்துக்கு ஏரி வெட்டுகிறார்கள். (இது 1818 போர் நடந்த பீமா கோரேகாவ் இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ராம்ஜி அங்கே காசாளர். கோடை விடுமுறைக்கு வரச் சொல்லிப் பிள்ளைகளுக்கு எழுதுகிறார். பீமராவும் அண்ணனும் அக்காவின் பையன்கள் இருவரும் புதுச் சட்டை, ஜரிகைத் தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு மசூர் ஸ்டேஷனில் வந்து இறங்குகிறார்கள். உடையைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாக விசாரிக்கிறார். மகார் என்று தெரிந்ததும் முகம் மாறுகிறது. அப்பாவைக் காணோம். பிள்ளைகள் போட்ட கடிதத்தை அவரிடம் சேர்க்க வேலையாள் மறந்துவிட்டார். எந்த வண்டிக்காரரும் ஏற்றமாட்டேன் என்கிறார். கடைசியில் இரட்டைக் கூலி. பிள்ளைகள் வண்டியோட்ட, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வர, ராத்திரி முழுக்கப் பயணம். கையில் சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காததால் பட்டினியோடு படுத்தார்கள். பத்து வயதுகூட ஆகாத பையன்.

மறுநாள் அந்தப் பிள்ளைகள் வந்து நின்றபோது சுபேதாருக்கு எப்படி இருந்திருக்கும்? அவர்களுக்குப் புதுச் சட்டை தைத்துக் கொடுக்க முடிந்தது அவரால். ஒரு சொம்புத் தண்ணீருக்கு ஏற்பாடு செய்ய முடியவில்லை. இங்கே ஓய்வுபெற்ற மிலிட்டரிக்காரர்கள் மூன்று நான்கு பேர் இருக்கிறீர்கள். எல்லையில் ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டு ஊருக்கு வந்து பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1904இல் பம்பாய்க்குப் போனார்கள். பரேல், தபக் சால். மில் தொழிலாளர்கள் வாழும் வரிசைக் குடியிருப்பு. ஒரே அறை. அதற்குள் அடுப்பு, புகை, விறகு, அரைக்கிற கல், ஒரு ஆடு, மொத்தக் குடும்பம். பீமராவ் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில். இந்த அறையில் எங்கே படிப்பது? ராம்ஜி ஒரு வழி கண்டுபிடித்தார். பையனைச் சீக்கிரமே படுக்கச் சொல்லிவிடுவார். அவர் விழித்திருப்பார். இரண்டு மணிக்குப் பையனை எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் இவர் படுத்துக்கொள்வார். பையன் எண்ணெய் விளக்கில் விடியும்வரை படிப்பான். ஒரு பாயை இரண்டு ஷிப்டாகப் பிரித்திருக்கிறார் மனுஷன். பட்டாளத்துக் காவல் முறையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்.

ஆங்கிலத்துக்கு ஹோவர்ட் பாடப் புத்தகம், மொழிபெயர்ப்புக்குத் தர்க்கட்கர் புத்தகம், இரண்டையும் தானே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். தலைமையாசிரியர் அல்லவா.

மகன் கேட்கும் புத்தகங்களுக்குப் பணம்? ஓய்வூதியம் போதாது. கல்யாணமாகிப் போன மகளிடம் போய் சில ரூபாய் கேட்பார். அவளிடம் இல்லையென்றால் இன்னொரு மகளிடம் போவார். அவள் ஒரு நகையைக் கழற்றிக் கொடுப்பாள். அது அடகுக் கடைக்குப் போகும். மாதம் பிறந்து ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் திருப்பிக் கொடுப்பார். மீண்டும் ஒரு புத்தகம், மீண்டும் அடகு.

இந்தக் கதையை ராம்ஜியின் தியாகம் என்று எத்தனையோ மேடையில் கேட்டிருக்கிறேன். நகை யாருடையது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மஞ்சுளா, துளசா என்ற இரண்டு பெண்களுடையது. சாத்தாராவில் தம்பிக்கு முடி வெட்டியதும் அவர்கள் வீட்டுக் கைதான். அண்ணன் ஆனந்தராவை மேற்கொண்டு படிக்க வைக்க முடியாமல் வேலைக்கு அனுப்பினார்கள். ஒரு பிள்ளை படிக்க மற்ற நான்கு பேரும் ஏதோ ஒன்றை இறக்கி வைத்தார்கள். ராம்ஜி மறுமணம் செய்துகொண்டதும், செத்துப்போன அம்மாவின் நகையைச் சின்னம்மா போட்டிருப்பதைப் பார்த்துப் பையன் மனம் வெந்ததும்கூட இதே வீட்டுக் கதைதான். அத்தையின் சுருக்குப் பையைத் திருடிக்கொண்டு ஓடிப்போய் மில்லில் வேலைக்குச் சேரலாம் என்று அவன் திட்டம் போட்டான். பல ராத்திரி முயற்சி செய்து பையைத் திறந்தால் உள்ளே அரையணா. அதற்குப் பிறகுதான் படிப்பில் வெறியாக இறங்கினான். குறையில்லாத குடும்பம் என்று நான் சொல்ல வரவில்லை.

என் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் சாப்பர். பெங்களூரில் பயிற்சி, 17 வருஷ சர்வீஸ். பச்சை ட்ரங்குப் பெட்டியோடு ஊர் திரும்பியவர் மாமன்கள் இருவரையும் கல்லூரிவரை படிக்க வைத்தார். அம்மா எட்டாவதோடு நின்றார். எனக்கு ஆய்வு உதவித்தொகை ஏழு மாதமாக வராமல் கிடந்த நேரத்தில், அந்த எட்டாம் வகுப்பு அம்மாவின் தோடுதான் திண்டிவனத்தில் அடகுக்குப் போனது. என்னோடு படிக்கிற பல பெண்களுக்கும் இதே கணக்குதான். நம் பிள்ளைகள் வாங்குகிற முனைவர் பட்டங்களில் எத்தனை கிராம் தங்கம் இருக்கிறது என்று யாராவது ஆய்வு செய்தால் நல்லது. நானே செய்யலாம், வழிகாட்டி ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயம். ராம்ஜி கபீர் வழியில் வந்தவர். தினமும் பிள்ளைகளை உட்கார வைத்து ராமாயணம், மகாபாரதம் படிக்கச் சொல்வார். பீமராவ் நான்காம் வகுப்பு ஆங்கிலத்தில் தேறியதற்கு சாதி சனம் பாராட்டு விழா எடுத்தது. அன்று தாதா கேளுஸ்கர் தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். படித்துவிட்டுப் பையன் அப்பாவிடம் போய்க் கேட்டான்: பிராமணர், சத்திரியர் பெருமை பேசி, சூத்திரரையும் தீண்டத்தகாதவரையும் இழிவு செய்கிற இந்த நூல்களை நாங்கள் ஏன் படிக்க வேண்டும்? பீஷ்மர், துரோணர், கிருஷ்ணர் யாரையும் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா சொன்ன பதில்: நாம் தீண்டத்தகாதவர் என்பதால் உனக்குத் தாழ்வு மனப்பான்மை வந்துவிடக் கூடாது, கர்ணனைப் பார், வால்மீகியைப் பார், எங்கிருந்து எழுந்தார்கள். இந்த பதில் பையனுக்குத் திருப்தி தரவில்லை. அதையும் அண்ணலே எழுதுகிறார்.

அப்பாவின் மருந்து தவறு என்று எனக்கும் தோன்றுகிறது. கர்ணனுக்கு என்ன கிடைத்தது கடைசியில்? ஆனால் அந்தப் பெரியவர் நோயைச் சரியாகப் பிடித்துவிட்டார். பிறகு, எதிர்த்துக் கேட்ட பையனை அவர் அடிக்கவில்லை. உட்கார வைத்துக் காரணம் சொன்னார். அத்தனை கண்டிப்பான பட்டாளத்துக்காரர் வீட்டில் ஒரு சிறுவன் கிருஷ்ணனைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடிந்தது. நம் வீடுகளில் முடியுமா?

வருகிற வழியில் பார்த்தேன், திண்டிவனம்–புதுச்சேரி சாலையோரம் பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகிறார்கள் என்றார்கள். தம்பிகளே, உங்கள் ஓட்டத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் 2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டத்தைப் படித்துப் பாருங்கள். நான்கு வருஷம் சேவை. அதற்குப் பிறகு அதிகபட்சம் 25 சதவிகிதம் பேரை வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குச் சேவா நிதி என்று சுமார் 11.71 லட்சம், அதிலும் பாதி உங்கள் சம்பளத்தில் பிடித்தது. ஓய்வூதியம் கிடையாது. மாதம் பிறந்தால் வரும் பணம் ராம்ஜிக்கு இருந்தது. அதை நம்பித்தான் மகள் நகையைக் கழற்றினாள், அடகுக்காரர் கடன் கொடுத்தார், புத்தகம் வந்தது. இருபத்தைந்து வயதுக்குள் வீட்டுக்கு அனுப்பப்படும் அக்னிவீரன் எந்த மாதாந்திரப் பணத்தைக் காட்டித் தன் பிள்ளைக்குப் புத்தகம் வாங்குவான்? ஓய்வூதியம் அரசுக்குச் செலவு என்கிறார்கள். அந்தச் செலவில் என்ன விளைந்தது என்பதற்கு இந்தச் சுவரில் படம் மாட்டியிருக்கிறது.

ராம்ஜியின் கடைசி நாட்களைச் சொல்லிவிடுகிறேன். பி.ஏ. முடித்த பீமராவ், பரோடா மன்னரின் உதவித்தொகையில் படித்ததால் அங்கே வேலையில் சேர 1913 ஜனவரியில் கிளம்பினார். அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. பம்பாயிலேயே இருக்கச் சொன்னார். மகன் கேட்கவில்லை. போன சில நாட்களில் தந்தி வந்தது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று. திரும்பி வரும் வழியில் சூரத் ஸ்டேஷனில் அப்பாவுக்கு மிட்டாய் வாங்க இறங்கினார். ரயில் போய்விட்டது. மறுநாள்தான் வீடு சேர முடிந்தது. ராம்ஜி அதுவரை உயிரைப் பிடித்து வைத்திருந்தார். மகனின் முதுகைத் தடவினார். பிப்ரவரி 2ஆம் தேதி போய்விட்டார்.  அதே ஆண்டு மகன் நியூயார்க் போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதைப் பார்க்க ராம்ஜி இல்லை.

பத்து வருஷம் கழித்து, 1923இல், லண்டனில் ‘ரூபாயின் சிக்கல்’ நூல் வெளிவந்தது. பணத்தின் மதிப்பு எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்ற கனமான பொருளாதார ஆய்வு. அடகுக் கடைக்கும் வீட்டுக்கும் இடையே ரூபாய் படும் பாட்டைச் சின்ன வயதிலேயே பார்த்தவர் எழுதியது. அதைத் தன் தாய் தந்தையின் நினைவுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். ஆங்கிலப் பிரதி ஒன்று பாடசாலைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். காணிக்கைப் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்திருக்கிறேன், வந்து பாருங்கள். எட்டு மணிக்குப் பிள்ளைகளுக்குக் கணக்கு வகுப்பு என்றார்கள்.